அழைத்தவர் அரிசி

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் இருந்தவர்கள்: தலைவர் ஹவில்தார் அண்ணன், பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டிய பாவாடை, சமையல் அந்தோணி, தோட்டத்து ஆபீசிலிருந்து சைக்கிளில் வந்த பெரிய கிராணியார் என்னும் தலைமைக் கணக்கர், காரியதரிசியாகிய நான். வேறு ஒருவரும் இல்லை. வாசலில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. அது சங்க விருந்துக்காக வளர்த்தது, அதைச் சேர்க்க வேண்டாம்.

முதலில் ஆளைச் சொல்லிவிட்டுப் பிறகு சங்கதிக்குப் போவது என் வழக்கம். 'நான் அங்கே இல்லவே இல்லையே' என்று பின்னால் யாராவது சொல்லிவிட்டால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. பழைய பட்டாளத்தார் சங்கத்தின் காரியதரிசி வேலையை இப்போது உங்கள் கையில் கொடுத்துவிட்டேன், தம்பிகளா. பூட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான் என்று நீங்கள் சிரித்துக்கொள்வது எனக்குத் தெரியும். சிரியுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்களுக்கு இருக்கிற தைரியம் எனக்கு வராது. ஆனால் கித்தா என்கிற ரப்பர் விலை விழுந்து தோட்டங்களெல்லாம் ஆளைக் குறைத்த அந்தக் காலத்தில், ஒரு காலை வேளையில் என் பயம் ஒரு வேலை செய்தது. அதைச் சொல்லிவிட்டுப் போனால்தான் மனசு ஆறும்.

அதற்கு முன் ஒன்று. சங்கம் உண்டான கதை உங்களில் பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. துரைமார் சேர்ந்து ஆரம்பித்தார்கள் என்று ஒருவர் சொல்ல என் காதாலேயே கேட்டேன். அப்படியில்லை. பெரிய சண்டை முடிந்து பஸ்ராவிலிருந்து கப்பலேறி வந்த எங்களுக்கு, மதராஸில் ஒரு மெடலும் கொஞ்சம் பணமும் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். ஊர் போய்ச் சேருவதற்குள் பணம் தீர்ந்தது. கங்காணிமார் வந்து கூப்பிட்டார்கள். மெடலைப் பெட்டிக்கு அடியில் போட்டுக்கொண்டு மலாயாவுக்கு வந்தோம். பெக்கோக் ஊரைச் சுற்றி ஆளுக்கொரு தோட்டம். பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவனும் அதே பஸ்ரா ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவன்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு தமிழன் காய்ச்சலில் இறந்து கிடந்தான். சொந்தம் என்று யாரும் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் ஒரு வேட்டி, ஒரு சீப்பு, ஒரு மெடல். ஸ்டேஷன் மாஸ்டர் அந்த மெடலைத் தோட்டம் தோட்டமாகக் காட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். பதினோரு பேர் வந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் முதலில் பார்த்ததே அந்தப் பாடைக்குப் பக்கத்தில்தான். எரித்துவிட்டு ஆற்றில் முழுகிக்கொண்டிருந்தபோது ஹவில்தார் அண்ணன் சொன்னார்: "அடுத்தது யாருன்னு தெரியாது. ஆனா அவனையும் நாமதான் தூக்கணும். அப்ப இப்பவே பேசிக்குவோம்." இடுப்பளவு தண்ணீரில் நின்றபடிதான் சங்கம் பிறந்தது.

பிறகு நாதியில்லாத பிணங்களைத் தூக்கினோம். தீமிதித் திருவிழாவில் கயிறு பிடித்துக் கூட்டத்தை நிறுத்தினோம். ஆறு பெருகித் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கூரை மேல் ஏறியவர்களைப் பலகை கட்டி இறக்கினோம். பாலம் போடுவதும் பாதை வெட்டுவதும்தான் பட்டாளத்தில் எங்களில் பல பேருடைய வேலை. துப்பாக்கி பிடித்தவர்கள் குறைச்சல்.

இதிலெல்லாம் மூன்று வழக்கங்கள் எங்களோடு ஒட்டிக்கொண்டன. அவற்றை எழுதி வைக்கவில்லை. அணிவகுத்து வரும்படி யார் அழைக்கிறார்களோ, அன்றைய அரிசி அவர்களுடையது. கோயில் அழைத்தால் கோயில், தோட்டம் அழைத்தால் தோட்டம். 'அழைத்தவர் அரிசி' என்போம். அடுத்தது, அண்டா அடுப்பில் ஏறிவிட்டால் களத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் சோறு. நம் ஆள், வேற்றாள் என்று பார்ப்பதில்லை. ஒரு திருவிழாவில், காணாமல் போன மாட்டைத் தேடி வந்த மலாய்க்காரர் ஒருவரைக்கூட அந்தோணி விடவில்லை. அவர் பாவம், வெறும் சோறும் உப்பும் போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு மாட்டைத் தேடப் போனார்.

மூன்றாவதுதான் முக்கியம். ஏறிய அண்டாவுக்குப் பக்கத்தில் ஒருவர் கையிலும் தடி இருக்கக் கூடாது. இது பஸ்ராவுக்கு மேலே ஆற்றங்கரை முகாமில் வந்த வழக்கம். நான் அங்கே தண்ணீர் தூக்கினேன். ஒரு நாள் சாமான் படகு வரவில்லை. இரண்டு கம்பெனிகளுக்குச் சோறு கிடைத்தது, மூன்றாவதுக்கு இல்லை. காலையில் எனக்குப் புகையிலை கிள்ளிக் கொடுத்த மனிதன், மத்தியானம் கூடாரத்து முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்தேன். அண்டா கவிழ்ந்தது. ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அன்றிலிருந்து சமையற்காரன் மூன்று தரம் 'அண்டா ஏறிடுச்சு' என்று கத்துவான். கத்தினால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு உட்கார வேண்டும், சுபேதாராக இருந்தாலும் சரி. இப்போது விருந்து நாளில் அந்தக் கூச்சலைக் கேட்டுப் பிள்ளைகள் கை தட்டுகின்றன. அது வேடிக்கைக்கு வந்ததில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

பெரிய கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார்.

"ஹவில்தார், நாளைக்குக் காலமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஆபீசடிக்கு வரட்டாம். மெடல் குத்தி, கையில தடியோட. ஸ்டோர் வாசலில சும்மா நிண்டாப் போதுமெண்டு துரை சொன்னவர்."

"சும்மா நிக்கிறதுக்கு எதுக்குங்க தடி?" என்றார் பாவாடை.

"என்னட்டக் கேட்டு என்ன செய்ய? சொல்ல வந்ததைச் சொல்லிப்போட்டன்."

சங்கதி எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிராணியாருடைய தோட்டத்தில் அறுபது குடும்பங்களுக்கு வேலை இல்லை என்று சீட்டுக் கிழித்துவிட்டார்கள். அவர்களை ஊருக்கு அனுப்பும் கப்பலுக்கு ஏற்றிப் போகிற ரயில் அடுத்த வாரம். அதுவரை அரிசி அளப்போம் என்று சொல்லியிருந்தார்கள். நடுவில் கம்பெனியிலிருந்து என்ன தந்தி வந்ததோ, அரிசியை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளாக ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு ஆபீசுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசை ஒட்டி ஸ்டோர். ஸ்டோருக்குள் அரிசி. துரைக்குத் தூக்கமில்லை.

அந்தத் துரை எங்களுக்கு வேண்டாதவர் அல்ல. அவரும் அதே சண்டையில் ஆபீசராக இருந்தவர். சங்கக் கூடம் நிற்கிற நிலம் தோட்டத்து நிலம். ஒரு விருந்து நாளில் அவர் கையைக் காட்டி, 'இங்கே கட்டிக்கொள்ளுங்கள்' என்று வாய்வார்த்தையாகக் கொடுத்தது. வாயால் கொடுத்ததை வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு 'இந்த ஆள் உயிரோடு இருக்கிறார்' என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. அப்போது வேலை போன ஆட்கள் பதினான்கு பேர் ராத்திரியில் எங்கள் கூடத்தில்தான் படுத்துக்கொண்டார்கள். கூடம் போனால் அவர்கள் ரோட்டுக்குத்தான் போக வேண்டும்.

பாவாடை எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, என் தங்கச்சி அஞ்சலை அங்கதான் குந்தியிருக்கா. கைப்புள்ளயோட."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா? நான் மெடல குத்திக்கிட்டு, தடிய புடிச்சிக்கிட்டு, அவ எதிர்க்கப் போய் நிக்கணுமா?"

ஹவில்தார் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, "நாம போகலைன்னா அவரு போலீச கூப்புடுவாரு. அவங்க கையில இருக்கறது மூங்கித்தடி இல்ல. நாம நின்னா நாம அடிக்க மாட்டோம்னு நமக்காச்சும் தெரியும். போறோம்" என்றார். கிராணியாரைப் பார்த்து, "வர்றோம்னு சொல்லிருங்க" என்றார்.

பாவாடை உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் மெல்ல, "அண்ணே, சோறு?" என்று கேட்டேன்.

அந்தோணி சிரித்தேவிட்டார். "ஆரம்பிச்சிட்டாருய்யா கவலக்காரரு! பட்டாளம் பொறப்படல, அதுக்குள்ள பந்தி."

"எப்பவும் போல நம்ம ஆளுங்களுக்கு வாங்குங்க. தொரைதான் அழைச்சாரு, அரிசி அவரு பேருல" என்று ஹவில்தார் அண்ணன் பேச்சை முடித்தார்.

நான் கேட்டதற்கு அர்த்தம் அதுவல்ல. கடைத்தெருவுக்கு நடந்து போகும்போது அதே படம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நின்றது. நாங்கள் இருபத்தாறு பேர். வழக்கப்படி மத்தியானம் அண்டா ஏறும், எங்கள் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எதிரே மூன்று நாள் பட்டினியாக இருநூறு பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அஞ்சலையின் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். இதை ஒருவரும் யோசிக்கவில்லை. தைரியசாலிகளுக்கு நாளைக்கு மத்தியானம் என்பது ரொம்ப தூரம். என்னைப் போன்றவனுக்குத்தான் அது இன்றைக்கே வந்து கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

சாமான் கடை முதலாளியைத் தவுக்கே என்போம், அவர் சீனர். நம் ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழும் மலாயும் ஒன்றாகக் கலந்து வரும்.

"ரெண்டு மூட்டை அரிசி, அதுக்குத் தக்கப் பருப்பு, கருவாடு, வெங்காயம்" என்றேன்.

"அலமாக்! உங்க ஆளு இருபத்தாறு. ரெண்டு மூட்டை என்னாத்துக்கு? யானை வருதா?"

"ஆள் கூட வரலாம், தவுக்கே."

"யாரு காசு?"

"அழைத்தவர் காசு."

"துரை ரெண்டு மூட்டை சொன்னாரா?"

"இல்லை."

"அப்போ யாரு பேரு எழுதுறது?"

அவர் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். துரை பேரை எழுதுங்கள் என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஒரு துரை பேரில் எழுதிவிட்டால், என்னைத் தூக்கிப் போட ஒரு போலீஸ்காரர் போதும். என் பேரில் எழுதலாம் என்றால், தோட்டத்தில் என் சம்பளம் மாதம் ஐந்து வெள்ளி. காது ஓரமாக வேர்வை இறங்கியது. கடைசியில், "சங்கம் பேருல எழுதுங்க. சங்கம் துரைகிட்ட வாங்கிக்கும்" என்றேன்.

"சங்கத்துல காசு இருக்கா?"

"இல்லை."

"காசு இல்ல. துரை சொல்லல. ஆனா ரெண்டு மூட்டை." எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். "எப்பவும் நீங்கதான் பயப்படுவீங்க. இன்னைக்கு நான் பயப்படணும் போல, லா."

தம்பிகளா, நெருக்கடியில் யார் பேரில் ஒரு காரியத்தை எழுதுகிறீர்கள் என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். அடுத்தவர் பேரை எழுதுவது சுலபம். அன்றைக்கு அப்படி எழுதியிருந்தால், மறுநாள் நடந்தது எங்கள் செயலாக இருந்திருக்காது, திருட்டாகப் போயிருக்கும்.

மறுநாள் காலையில் மெடல் குத்திக்கொண்டு, இரண்டிரண்டு பேராகப் புறப்பட்டோம். பின்னால் மாட்டு வண்டி. அதில் அண்டா, விறகு, மூட்டைகள், அந்தோணி, நான். மூட்டைகளைச் சாக்குப் போட்டு மூடியிருந்தேன். பாதி வழியில் ஹவில்தார் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, வண்டி இப்படி மொனகுது?"

"அச்சுக்கு எண்ண போடல, அண்ணே."

அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடந்தார்.

ஆபீசுக்கு முன்னால் பெரிய மண்வெளி. ஜனங்கள் அங்கே சட்டிப் பானைகளோடும் துணி மூட்டைகளோடும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒரு கிழவி முதலில் வாயைத் திறந்தாள்.

"வாங்க, வாங்க, மெடலு மாமாங்களா! அங்க ஜெயிச்சு முடிச்சாச்சு, இப்ப எங்களயும் ஜெயிக்க வந்தீங்களாக்கும்?"

அஞ்சலை பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, பாவாடை நடக்கிற பக்கமாகவே கூட நடந்து வந்தாள். "ஏண்ணே, தடி நல்லா வழுவழுன்னு இருக்கே. எந்தக் கையால அடிப்ப? சொல்லிரு, நான் அந்தப் பக்கம் புள்ளய வெச்சிக்க மாட்டேன்." பாவாடையின் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வரிசையில் இருந்ததால் துடைக்கவில்லை.

ஸ்டோர் வாசலுக்கு வந்ததும் அந்தத் தவறு நடந்தது. எங்களைப் போன்றவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு. ஹவில்தார் அண்ணன் வழக்கம்போலத் தொண்டையைத் திறந்து, "ஹால்ட்!" என்றார். வரிசையில் வந்த அத்தனை பேரும் வழக்கம்போலக் காலைத் தூக்கி ஒரே நேரத்தில் ஓங்கி மிதித்தார்கள். எங்களுக்கு அது வெறுமனே நிற்பது. பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறோம், கோயிலில் நின்றிருக்கிறோம், சுடுகாட்டில் நின்றிருக்கிறோம். மூன்று நாள் பட்டினியாக மண்ணில் உட்கார்ந்திருப்பவருக்கு அது என்னவாகக் கேட்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைகள் வீறிட்டன. இருநூறு பேரும் ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள். அவர்கள் எழுந்ததைக் கண்டு எங்கள் ஆட்களின் தடிகள், உத்தரவு ஒன்றும் இல்லாமல், தாமாகவே நெஞ்சுக்கு நேராக ஏறின. தடி ஏறியதைக் கண்டு முன்வரிசையில் ஒருவன் குனிந்து கல்லை எடுத்தான். வராந்தாவில் நின்றிருந்த துரை உள்ளே போனார். போனவர் டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஹவில்தார் அண்ணனைப் பார்த்தேன். பின்னால் போகச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதுகைக் காட்ட வேண்டும், கல் வரும். நிற்கச் சொன்னால் எதிரே இருப்பவர்களுக்கு இன்னும் பயம் ஏறும். எல்லா உத்தரவும் தெரிந்த மனிதர், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியாமல் நின்றார்.

அந்தோணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அண்டாவ ஏத்துய்யா!"

"உத்தரவு இல்லாமலா? ஹவில்தாரு என் தோல உரிச்சிடுவாரு."

"உரிச்சா எனக்கும் சேத்து உரிக்கட்டும். ஏத்து!"

"அடுப்பே கூட்டல, காரியதரிசி. தண்ணி இல்ல, தீ இல்ல."

"வெறுங்கல்லு மேல ஏத்து! ஏத்திட்டு கத்து!"

இரண்டு பேரும் வண்டியிலிருந்து அண்டாவை இழுத்தோம். வழியில் கிடந்த மூன்று கல்லில் வைத்தோம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. அந்தோணி சட்டுவத்தால் அதன் வயிற்றில் அறைந்தார். கோயில் மணிபோல ஊரே கேட்கும்படி அடித்தது. பிறகு கத்தினார்.

"அண்டா ஏறிடுச்சு! அண்டா ஏறிடுச்சூ! அண்டா ஏறிடுச்சூ!"

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. ஹவில்தார் அண்ணனும் திரும்பினார். புகை இல்லாத அடுப்பைப் பார்த்தார். காலி அண்டாவைப் பார்த்தார். சாக்கு விலகித் தெரிந்த மூட்டைகளைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

"தடி கீழே!" என்றார்.

தடிகள் விழுந்தன. "குந்துங்கடா!" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சம்மணம் போட்டு மண்ணில் உட்கார்ந்தார்கள். கல்லெடுத்தவன் நின்றபடியே இருந்தான். உட்கார்ந்திருக்கிறவர்களை எப்படி அடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அஞ்சலைதான் முதலில் பேசினாள். "என்ன கூத்து இது? யாருக்குச் சோறு?"

"களத்துல இருக்கற எல்லாருக்கும்" என்றார் அந்தோணி. "ஆனா குந்தினாத்தான் போடுவேன். நிக்கிறவங்களுக்கு எங்க வழக்கத்துல சோறு கெடையாது. ஏம்மா, சும்மா பாத்துக்கிட்டு நிக்கிற? வெங்காயம் உரிக்கத் தெரியுமா, தெரியாதா?"

அவள் அண்டாவை எட்டிப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பாவாடையின் மடியில் போட்டுவிட்டு வெங்காயக் கூடையை இழுத்தாள். பாவாடையின் இரண்டு கையும் பிள்ளைக்கே சரியாகப் போய்விட்டது. கல்லெடுத்தவன் அந்தக் கல்லைக் கொண்டுவந்து, சாய்ந்து நின்ற அண்டாவுக்கு அண்டை கொடுத்தான். இது நான் சேர்த்துச் சொல்வதல்ல. அந்தோணியைக் கேளுங்கள், இன்னும் இருக்கிறார்.

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சில குடும்பங்கள், 'எங்கள் சட்டியில் நாங்களே பொங்கிக்கொள்கிறோம்' என்று அரிசியாகவே வாங்கிக்கொண்டன. அந்தோணி முணுமுணுத்துக்கொண்டே அவர்களுக்கும் அளந்தார்.

முதல் உலை கொதிக்கும்போது துரை வெளியே வந்தார். கிராணியார் மூலம் என்னைக் கூப்பிட்டார். வேட்டி மடிப்பை அவிழ்த்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"உது என்ன வேலையெண்டு துரை கேக்கிறார்."

"அழைத்தவர் அரிசி என்பது எங்கள் வழக்கம். துரை அழைத்தார், வந்தோம். களத்தில் இருக்கிற எல்லோருக்கும் போட வேண்டும், அதுவும் வழக்கம் என்று சொல்லுங்கள்."

கிராணியார் சொன்னார். துரை என்னைப் பார்க்காமல் ஸ்டோரைப் பார்த்தார். அதன் வாசலில் இப்போது ஒரு காவலும் இல்லை. ஒருவரும் அதன் பக்கமும் போகவில்லை. வாசலில் ஒரு சிறு பெண்பிள்ளை மட்டும் தடிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு என்ன செய்வியள் எண்டு கேக்கிறார்."

"எங்களிடம் இன்றைக்கு மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு உள்ள அரிசி துரையுடைய ஸ்டோரில் இருக்கிறது."

இதை எந்த வாயால் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. துரை உள்ளே போய்விட்டார். காலையில் போலீசோடு பேசினாரோ, பாதியில் வைத்துவிட்டாரோ தெரியாது, போலீஸ் வரவில்லை, டெலிபோன் சத்தமும் மறுபடி கேட்கவில்லை. சாயங்காலம் கிராணியார் சாவியோடு வந்து, ரயில் வரும்வரை அரைப்படி வீதம் அரிசி அளக்கச் சொல்லிவிட்டார் என்றார். துரை நல்லவரா கெட்டவரா என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் பயந்துபோய் இருந்தார். பயந்தவனைப் பயந்தவனுக்குத் தெரியும். பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் கண்ணுக்கே தெரிந்ததும் கை தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

திரும்பும்போது ஹவில்தார் அண்ணன் வண்டியோடு கூட நடந்து வந்தார். நான் திட்டு விழுமென்று காத்துக்கொண்டிருந்தேன். வெகு தூரம் வந்த பிறகு, "இப்ப வண்டி மொனகல" என்றார். "எண்ண போட்டீங்க போல."

அடுத்த வாரம் ரயில் வந்தது. அறுபது குடும்பங்களும் ஏறின. வழியனுப்ப எங்களை யாரும் அழைக்கவில்லை, நாங்களாகவே மெடல் குத்திக்கொண்டு போனோம். பிளாட்பாரத்தில் நுழையும் முன் ஹவில்தார் அண்ணன் எல்லோரையும் நிறுத்தி, "மெதுவா நில்லுங்கடா. கால வெச்சு எடுங்க, மிதிக்காதீங்க. புள்ளைங்க இருக்கு" என்றார். இருபத்தாறு பேரும் பூனைபோல வந்து நின்றோம். அஞ்சலை ஜன்னலிலிருந்து பாவாடையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்தபோது, "அண்ணே, அன்னைக்குச் சோத்துல உப்பு கம்மி. அந்தோணி அண்ணன்கிட்ட சொல்லிரு" என்று கத்தினாள். பாவாடை அதை ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், பெரிய செய்திபோல. அவள் ஊரிலிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை.

அரிசிக்கணக்கைத் துரையிடம் அனுப்பினேன். 'தடிக்கு அழைத்தேன், சோற்றுக்கு அழைக்கவில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். நிலத்தைக் கேட்கவில்லை, கையெழுத்துகளை நிறுத்தவில்லை, ஆனால் எங்கள் விருந்துக்கு அவர் அப்புறம் வரவில்லை. தவுக்கேயை ஏமாற்ற முடியாது, சங்கத்தின் பேரில் எழுதியது. வாசலில் கட்டியிருந்த வெள்ளாட்டை விற்றோம். உறுப்பினர்கள் மாதம் ஐந்து காசு, பத்துக் காசு போட்டார்கள். அந்த வருஷம் விருந்தில் கறி இல்லை, சாம்பார்தான். தவுக்கே கடன் முழுக்கத் தீர்ந்தது.

துரை சீமைக்குப் போய்விட்ட பிறகு, வராத பணத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு எதற்கு, அடித்துவிடலாமா என்று நானே ஹவில்தார் அண்ணனிடம் கேட்டேன். அது கிடப்பது எனக்குப் பல்லில் மாட்டிய நார் மாதிரி இருந்தது. அவர் படுக்கையில் இருந்தார் அப்போது. "அடிக்கக் கூடாது" என்றார். "அத அடிச்சா, அன்னைக்கு நம்மள யாரும் அழைக்கல, நாமளாதான் தடியத் தூக்கிக்கிட்டு நம்ம சனங்க எதிர்க்கப் போய் நின்னோம்னு ஆயிடும்." சில நாளில் அவரையும் தூக்கினோம். தோள் கொடுக்க இடமில்லாமல் ஆட்கள் மாற்றி மாற்றி வந்தார்கள்.

பொறுப்பு மாற்றிய அன்று உங்களில் ஒருவர், இந்தப் பழைய பாக்கியைத் தள்ளிவிடலாமா என்று என்னைக் கேட்டார். வீட்டுக்கு வந்து யோசித்து இவ்வளவும் எழுதினேன். தள்ள வேண்டாம். யாராவது எப்போதாவது உங்களையும் தடியோடு வந்து சும்மா நிற்கச் சொல்வார்கள். அதனால் ஆண்டுக் கூட்டத்தில், புது ஆட்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, இதை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்: அழைத்தவரிடமிருந்து இன்னும் வரவேண்டியது, பதினாறு வெள்ளி நாற்பது காசு.